கடைசி ஆப்பு

தங்கைக்கு,

நான் பாதியில் விட்ட மூன்று அடுப்புப் பிடிதுணிகளை நீ அக்ரிலிக் நூலில் முடித்து, சர்ச் விற்பனையில் வைத்துவிட்டாய்.

வலது மணிக்கட்டு உடைந்து நான் கிடந்தபோது உதவ வந்தாய். சரி. ஆனால் ஒவ்வொரு வரிசையையும் ஊசியின் கடைசிவரை பின்னாமல் முன்பே திருப்பி, ஆப்பு வடிவத் துண்டு துண்டாகச் சேர்த்து வட்டமாக்கியவள் நான். கடைசி ஆப்புக்குப் பருத்தி நூல் தீர்ந்ததென்றால் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால், "அதே மஞ்சள்தானேக்கா, எவ கண்டுபிடிக்கப் போறா?" என்கிறாய்.

விற்காமல் மிஞ்சிய ஒன்றின்மேல் காலையில் சூடான இரும்புச் சட்டியை இறக்கினேன். உன் அக்ரிலிக் ஆப்பு மட்டும் உருகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டது.

மற்ற இரண்டும் விற்பனையில் அவற்றை வாங்கிய வெர்னிஸிடம் இருக்கின்றன. சர்க்கரை நோயால் அவள் விரல்களுக்குச் சூடே தெரியாது. இன்றைய சர்ச் விருந்துக்கு ஓவனில் வேகும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் அவள்தான் செய்கிறாள். காதும் மந்தம், போனை எடுக்கவில்லை. நான் திட்டியதிலிருந்து நீயும் எடுக்கவில்லை.

அவள் பின்கதவுச் சாவி உன்னிடம் இருக்கிறது. இதைக் கொண்டுவரும் ஆர்லோவின் காரில் உடனே ஏறு. பிடிதுணிகளை நீ வாங்கிக்கொள். ஓவனிலிருந்து பாத்திரத்தை அவன் இறக்கட்டும். தப்பு யாருடையது என்று அவளிடம் நீயே சொல். பிறகு இங்கே வரும் வழியில் மஞ்சள் பருத்தி நூல் வாங்கு. உன் ஆப்புகளைப் பிரிப்பது என் இடது கையின் வேலை. திரும்பப் பின்னுவது உன் வேலை. என் சமையலறையில், என் கண்முன்னால். காபி நான் போடுகிறேன்.

கோபம் தீராத,
உன் அக்கா