முந்நூற்று மூன்று துப்பாக்கி

இன்று காலைச் செய்தித்தாளில் ஒரு வரி: "வாசலில் இரு காவலர்கள் 303 துப்பாக்கிகளுடன் நின்றனர்." உரக்க வாசித்த என் மனைவி, "ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தன துப்பாக்கி?" என்று கேட்டாள். நீர் இறந்துபோய் இருபது வருடமாகிறது. உமக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். நாகர்கோவில் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை எழுதும் குமாஸ்தா நான். பர்மா யுத்தத்திலிருந்து திரும்பிய நீர், மலையடிவாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் காவல் இருந்தீர். அங்கே முதலாளியின் மகன் சுட்டதில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்லையன் செத்துப்போனான். பன்றி விரட்டும்போது நாட்டுத் துப்பாக்கி தவறி வெடித்துவிட்டது என்றான் மகன். பார்த்தவர் நீர் ஒருவர்தான். அவர்களிடம் வேலை பார்த்துக்கொண்டே அவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறினீர்.

"நாட்டுத் துப்பாக்கி இல்ல எசமான். அது முந்நூத்தி மூணு துப்பாக்கியாக்கும். தவறி வெடிக்கல்ல, குறி பாத்துதான் சுட்டாரு."

இலக்கணம் பார்க்கிற ஆள் நான். எண் பன்மையாயிற்றே என்று ஒரு 'கள்' சேர்த்து, 'முந்நூற்று மூன்று துப்பாக்கிகள்' என்று எழுதினேன். உமக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அன்று வழக்குகள் அதிகம். வாசிக்காமலே தாளை நீட்டினேன். நம்பிக் கையெழுத்துப் போட்டீர்.

அடுத்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்துக்கொண்டார். "ஒரு தோட்டத்துல முந்நூத்தி மூணு துப்பாக்கியா? பட்டாளமே வந்து இறங்கிச்சோ?" கோர்ட்டே சிரித்தது. செல்லையனின் மனைவி தங்கம்மை மட்டும் உம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீர் பதறவில்லை. "அது எண்ணிக்க இல்ல எசமான், அளவு. ஒரு அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சா, அதுல முந்நூத்தி மூணு பங்கு. குழலுக்க துளை அவ்வளவு அகலம். பட்டாளத்துல அந்தத் துப்பாக்கிக்கு அதுதான் பேரு."

"அப்படியானால் இந்தத் தாளில் ஏன் இப்படி இருக்கிறது?" என்றார் நீதிபதி.

என்னைப் பார்த்தீர். "நான் சொன்னது அவருக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றீர்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "சரியாகத்தான் கேட்டது. 'கள்' நான் சேர்த்தது. வாசித்துக் காட்டவும் இல்லை."

எனக்குக் கண்டனம் கிடைத்தது, ஆறு மாதம் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். உம் சாட்சி நின்றது. செல்லையன் உடலிலிருந்து எடுத்த குண்டு நீர் சொன்ன வகைத் துப்பாக்கியினுடையதுதான். தோட்டத்தில் தேடி அந்த ராணுவத் துப்பாக்கியையும் எடுத்தார்கள். முதலாளி மகன் ஜெயிலுக்குப் போனான். உமக்கு வேலை போயிற்று. கொட்டாரம் ஊரில் சைக்கிள் கடை போட்டீர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து உட்காருவேன்.

லீ-என்பீல்டு என்றும் அந்தத் துப்பாக்கியைச் சொல்கிறார்களே என்று அங்கே ஒருநாள் கேட்டேன்.

"லீ அத உண்டாக்கின ஆளு. என்பீல்டு பட்டறை இருந்த ஊரு" என்றீர். கையிலிருந்த சைக்கிள் சங்கிலியைத் துடைத்து மாட்டினீர். பிறகு, "அத வச்சு பர்மாவுல மூணு பேரச் சுட்டேன், ஓய். துப்பாக்கிக்க பேரும் ஊரும் தெரியும். அவனுவளுக்க பேரு தெரியாது. செல்லையனத் தெரியும். அதான் கூண்டுல ஏறினேன்" என்றீர்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ கொலை வழக்குகளை எழுதினேன். சாட்சி எங்கிருந்து தொடங்கினாலும், இறந்தவரின் பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதிக்கொள்வேன். ஆயுதத்தின் பெயரை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.