சட்டைக் காலரில் இருந்த கொள்ளுத்தாத்தா

பாதி பாசமும் பாதி கோபமுமாக நான் கூப்பிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. மட்டாஞ்சேரியில் மழை விட்டபாடில்லை. பஜாரில் இஞ்சி மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நான் அதே மிளகுக் கம்பெனியில் அதே டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி செல்விக்குப் பாலக்காட்டில் வரன் பேசி முடிவாகியிருக்கிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றது இனிமேல்தான்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி எழுதினால் உங்கள் தாத்தா முத்தையாவை விட முடியுமா? வெள்ளைக்காரத் துரையின் கம்பெனியில் கணக்கப்பிள்ளை, அவர் உள்ளே வந்தால் துரையே எழுந்து நிற்பார்! அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் சோறு பிசைந்து ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதைதானே? துரை இங்கேயே காய்ச்சலில் செத்ததால் அவர் சொத்துக் காகிதங்கள் பழைய கோர்ட்டில் இருக்கும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைப் படம் எடுத்து மலரில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். எனக்குத்தான் ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாதே.

மூன்று சனிக்கிழமை அலைந்த பிறகு அந்தக் கட்டு கைக்கு வந்தது. உயில், அதற்குக் கோர்ட் கொடுத்த உத்தரவு, வீட்டுச் சாமான் பட்டியல். கம்பெனி ஆட்களின் பெயர்களை இரண்டு தடவை படித்தேன். முத்தையா இல்லை. கடைசித் தாளில், துரை இறந்த மறுநாள் சலவைக்காரன் ஒருவன் யாரும் கூப்பிடாமல் தானே வந்து, தன்னிடம் வெளுக்கக் கிடந்த துணிகளை ஒப்படைத்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தது. கோட்டுகள், படுக்கை விரிப்புகள், ஒரு மேசை விரிப்பு. கீழே, "முத்தன், வண்ணான். எழுதத் தெரியாததால் தன் தொழில் அடையாளத்தை இட்டான்." பக்கத்தில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு கொக்கி.

அந்தக் கொக்கியை எனக்குத் தெரியும், அப்பா. இத்தனை வருஷம் உங்கள் சட்டைகளை மடித்து வைத்தவள் நான். வெலிங்டன் தீவு ஆபீசுக்கு நீங்கள் போட்டுக்கொண்டு போன ஒவ்வொரு வெள்ளைச் சட்டையிலும், காலரின் உள்பக்கம், அதே கோடு, அதே கொக்கி. சேங்கொட்டைச் சாற்றில் போட்டது, எத்தனை வெளுத்தாலும் போகாது. கேட்டால், லாண்டரிக்காரன் மார்க் என்பீர்கள்.

ஆவண அறையில் இருந்த சேட்டன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "எந்தா மோளே, சுகமில்லையா? இதுக்கு முன்னேயும் ஒரு சார் இந்தக் கட்டை வாங்கிப் பார்த்திட்டு இப்படித்தான் இருந்துபோனார்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எமர்ஜென்சி காலத்துப் பக்கம். உங்கள் கையெழுத்து.

எல்லாம் தெரிந்தும் எதற்குப் போனீர்கள்? முத்தனை ஒரு தடவை பார்க்கவா? அல்லது அவன் பெயர் எங்காவது எழுதியிருந்து எங்கள் கண்ணில் பட்டுவிடுமே என்ற பயத்திலா?

மறுநாள் உங்கள் சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குப் போனேன், சலவைக்காரர்கள் துணி உலர்த்தும் மைதானத்துக்கு. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் காலரைக் காட்டினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நம்ம வீட்டு மார்க்காக்கும் மோளே. இது தம்பி சட்டையில்லா? நீ மூத்தவளா, இளையவளா?"

உங்கள் அண்ணன் பெண்டாட்டி, அப்பா. என் பெரியம்மா.

"மத்தவங்க துணின்னா மார்க்குப் பக்கத்துல புள்ளி வைப்போம், ஆளுக்கு இத்தனைன்னு. இதுல புள்ளி இல்லை, பாரு. வீட்டு ஆள் துணிக்குப் புள்ளி கிடையாது. உங்கப்பன் யாரோ மாதிரி வந்து துணியைக் கொடுத்துட்டுப் போவான். 'அவன் எப்படி வேணா வரட்டும், என் தம்பிக்கு நான் புள்ளி வைக்க மாட்டேன்'னு எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் வைக்கல்லை."

அந்த இஸ்திரி மேசை முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். பஸ்ஸில் நாலு ஸ்டாப் தூரத்தில் எனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார், செத்தும் போயிருக்கிறார். நீங்கள் போன அன்று பெரியம்மா நம் தெரு முனை வரை வந்தாராம். "பிள்ளைங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது? திரும்பிட்டேன்," என்றார்.

மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பியாயிற்றே, அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "கல்யாணம் முடியுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. மலர்ல கணக்கப்பிள்ளைன்னே எழுது. செத்தவன் வந்து கேட்கவா போறான்?"

"நான் கேட்பேன் மாமா," என்றேன். அதே பட்டியலில், கம்பெனி ஆட்கள் பார்த்துக்கொள்வதாக எடுத்துப்போன வெள்ளிச் சாமான் திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறது. யாரும் கேட்காமலே துணியைக் கொண்டுவந்து கொடுத்தவன் முத்தன். இவர்களில் யாரைத் தாத்தா என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் வரவேண்டும்? சொல்லுங்கள்.

உங்களைக் குற்றம் மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆபீசில் யார் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை, எனக்குத் தெரியாது. அது எங்களுக்கு வரக்கூடாது என்றுதான் பொய் சொன்னீர்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் கேவலமாக நடந்துகொண்டவர்கள் அவர்கள். ஒளிந்துகொண்டது மட்டும் ஏன் நீங்கள்?

முடிவைச் செல்வியிடமே விட்டேன். முத்தன் பெயர் இருந்த தாளின் நகலை வாங்கிப் படித்தாள். பிறகு, "உள்ளதை எழுதுக்கா. வேண்டாம்னு போறவங்க இப்பவே போகட்டும். காலம் பூரா பயந்துகிட்டுக் குடித்தனம் பண்ண என்னால முடியாது," என்றாள். அந்தத் தாளின் நகலைப் பாலக்காட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். பன்னிரண்டு நாளாகிறது. பதில் இல்லை. செல்வி தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில்தான் நிற்கிறாள். கேட்டால் மழை பார்க்கிறேன் என்கிறாள்.

இந்தக் கடிதம் மலரில் ஒரு வரி குறையாமல் வரும். உங்கள் வருஷத் திதிக்குப் பெரியம்மா நம் வீட்டுக்கு வருவார், முதல் பந்தியில் உட்காருவார். யாரென்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். செல்வியின் கல்யாணப் பத்திரிகையில் முத்தனின் பெயர் இருக்கும், அப்பா. மாப்பிள்ளை பெயர்தான் இன்னும் தெரியாது.

வண்ணார் முத்தனின் கொள்ளுப்பேத்தி,
உங்கள் மூத்த மகள்
கமலா