குடிக்காதவன் கட்டிய கயிறு

ஆடி, கடைசி வெள்ளி. இரவு.

மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. குளித்த ஈரம் அதில் இன்னும் காயவில்லை.

என் கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது. கிருமி இல்லை, கொழுப்பு இல்லை, உடம்பில் செம்புச் சத்தும் தேங்கவில்லை. மதுரை டாக்டர் எல்லாச் சோதனைகளையும் பார்த்துவிட்டு, "சில பேருக்குக் காரணமே தெரியாது" என்றார். நான் குடித்ததே இல்லை என்றதை அவர் நம்பினார். அம்மா நம்பவில்லை.

சாணார்பட்டி தாண்டி ஒரு கோயிலில், குடியை விடுபவர்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். காலையில் அங்கே கூட்டிப்போனாள். பஸ்ஸில் காதோடு சொன்னாள்: "உண்மையச் சொல்லிரு அப்பு. குடிச்சு வந்ததுன்னா, விட்டாச் சரியாப் போயிரும்ல? ஒண்ணுமே இல்லாம வந்ததுன்னா நான் எத விடச் சொல்லுவேன்?"

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிச் சிரித்தார். "மொத தடவையா தம்பி? எனக்கு இது நாலாவது கயிறு."

பூசாரி கேட்டார்: "எம்புட்டு நாளாக் குடிக்கிற?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசமா" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ராத்திரி எனக்குத் தோசை சுட்டுப்போட்டுவிட்டு, தானும் மூன்று சாப்பிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அடுத்த அறையில் அவளுடைய குறட்டை கேட்கிறது.

விடுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. இந்த வீட்டில் அது தெரிந்தவன் நான் மட்டும்தான்.