மண் தூசியும் மஞ்சள் விளக்கும்

வியாழன், இரவு.

பழைய காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு இன்றும் எரிந்தது. நாளை மகளைத் தலைப்பிரசவத்துக்கு நம் மாவட்டத்து மங்களூரிலிருந்து அழைத்து வர வேண்டும். "புள்ளத்தாச்சிய இதுலயா ஏத்தப் போறீங்க?" என்றாள் மனைவி.

வண்டியைக் கொண்டு போனதும் மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். வெள்ளை மண் கொட்டியது. "சீக்கு வண்டிக்கு இல்ல பாய். களிமண் மாவு அரைக்கிற ஷெட்டுல நிறுத்தினா அது எப்படி மூச்சு வுடும்?"

வெயிலில் பெயிண்ட் மங்கினால் விற்கும்போது விலை போகாதே என்று நான்தான் பக்கத்துப் பீங்கான் பட்டறையின் அந்த ஷெட்டில் நிறுத்தி வந்தேன். விளக்கு எரிகிறதே என்று முன்பு சென்சாரை மாற்றியதெல்லாம் வீண்.

ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டியதும் கருவேப்பிலங்குறிச்சி வரை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கு நானும் வரேன். நீங்க ரோட்டப் பாருங்க, நான் வெளக்கப் பாக்குறேன்" என்றாள்.

வண்டி தெருவில் நிற்கிறது. பெயிண்ட் போனால் போகட்டும்.