உன் காலில் கோளாறு இல்லை, கஜா

என் மாப்ள கஜாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் நம் தெருக்காரர்கள் உன்னைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நீ சாவதற்கு முன்னால் ஏழு மாசம் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையே. எதிரே நீ வந்தால் நான் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடப்பேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்று உனக்கும் தெரியும்.

ஒன்றாகக் கடலில் குதித்து நீச்சல் கற்றவர்கள் நாம். பிறகு நீ என் தங்கச்சி லட்சுமியைக் கட்டிக்கொண்டாய், நான் உனக்கு மச்சான் ஆனேன். அத்தனை வருஷத்துப் பழக்கத்தையும் ஒரு பிரேக் வேலை முடித்துவைத்தது என்று சொன்னால் வெளியாள் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் உன் வீட்டுச் செய்தி. உன் மீன் வண்டியை இப்போது லட்சுமியே ஓட்டுகிறாள். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்காரர்களுக்கு வழிவிடவே மாட்டேன் என்கிறாள், ஹாரன் அடிப்பதில் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். வண்டி இப்போது ஆடவில்லை. அது ஏன் ஆடியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மீன்பிடி தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மாசம் போட்டெல்லாம் கரையில் கிடக்கும்போது மீன் வண்டிகளும் துறைமுகத்து உப்புக்காற்றில் சும்மா நிற்கும். அப்போது ஒருத்தனும் மெக்கானிக் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். நாளைக்குப் போட் கடலுக்கு என்றதும் அத்தனை வண்டியும் திருவொற்றியூரில் என் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கு ஏழு வண்டி. காலையில் முதல் ஆளாக வந்தவன் நீ. "நம்ம வண்டிதானே மாப்ள, கடைசியா பாத்துக்கலாம்" என்று உன்னை ஓரமாக நிறுத்தச் சொன்னது நான். நீயும் முகம் சுளிக்காமல் மற்ற வண்டிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புது பேட் போட்டேன். உனக்குத் தெரிந்ததுதான், கேட்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் பேட் வந்து அதைக் கவ்வும். சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பின் முகத்தில் அந்தத் தட்டு ஒட்டி உட்கார்ந்தால்தான் நேராகச் சுற்றும். துறைமுகம் போய்வருகிற வண்டிகளுக்கு மீன் ஏலக்கூடத்து வாசலில் தேங்கும் உப்புத்தண்ணீர் ஏறி ஏறி ஹப்பில் துரு கெட்டித்துப் போயிருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புது டிஸ்க்கை மாட்ட வேண்டும். நம் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த வேலை இது.

மூன்றாவது வாரம் நீ வந்தாய். "மச்சான், மெதுவா போனா ஒண்ணியும் இல்ல. அறுபதுக்கு மேல போயி பிரேக் அடிச்சா ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குது. காலுக்கு அடியில பெடலு துள்ளுது."

"புது பிரேக்கு அப்டித்தான். ஓடி ஓடி செட் ஆவும்" என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தபோது தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அந்தச் சந்தில் எங்கே அறுபது போவது? "நல்லாத்தானே கீது" என்று சாவியை உன் கையில் கொடுத்தேன். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. உனக்காகச் சக்கரம் கழற்ற எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று, பார்.

மூன்றாவது தடவை நீயும் சும்மா வரவில்லை. டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "எங்க மச்சான் வானத்தப் பாத்துகினே பிரேக்கு மாட்டுவாரு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "நீ எப்ப பாரு பிரேக்கு மேலயே கால வெச்சிகினு ஓட்றவன். வண்டில இன்னா கோளாறு கீது? உன் கால்லதான் கோளாறு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நீ மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாய்.

அதோடு விட்டிருந்தால்கூட அது கோபத்தில் சொன்னதாகப் போயிருக்கும். நீ மீன் ஏற்றிக்கொண்டிருந்த கம்பெனியின் சூப்பர்வைசர் அடுத்த வாரம் என் பட்டறைக்கு வந்தார். உன் வண்டி ரொம்ப ஆடுகிறது, லோடு கொடுக்கப் பயமாக இருக்கிறது, வண்டியிலா டிரைவரிடமா எதில் கோளாறு என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னேன்: "வண்டி சரியா கீது சார். ஓட்றவன் சரியில்ல."

மறுநாளிலிருந்து உனக்கு மீன் லோடு இல்லை. நீ வேறு இடத்தில் அலைன்மெண்ட் பார்த்தாய், வீல் பேலன்ஸ் பார்த்தாய், டயர்கூட மாற்றினாய். எதிலும் ஆட்டம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஆனால் நிற்காதது எனக்குத்தான் வசதியாகப் போயிற்று. இத்தனை செய்தும் ஆடுகிறது என்றால் அவன் கால்தான் காரணம் என்று ஊரே பேசியது. உன் பெண்டாட்டியும் என் பக்கம்தான் பேசினாள். என் தங்கச்சி ஆயிற்றே.

நீ மணலி புதுநகருக்கும் எர்ணாவூருக்கும் தண்ணீர் கேன் போட ஆரம்பித்தாய். எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடைப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. வண்டி மோதி நீ செத்திருந்தால் என்மேல் ஒரு கேஸாவது போட்டிருப்பார்கள். கேனை உன் தோளில் ஏற்றிவிட்டவன்மேல் யார் கேஸ் போடுவது?

போன மாசம் லட்சுமி பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தாள். "அண்ணே, அவரு சொன்னது நெசந்தான். பிரேக் அடிச்சா ஆடுது" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளை எண்ணூர் ரோட்டில் ஓட்டச் சொன்னேன். அறுபதில் போய் மிதித்தாள். ஸ்டீரிங்கோடு அவள் முழங்கை வரைக்கும் உதறியது. நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தேவைக்கு மிதிக்கிறாள், உடனே எடுத்துவிடுகிறாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஆட்டமும் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் டயரில் ஒன்றும் இல்லை, பிரேக்கில்தான் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். நீ வந்து சொன்ன அன்றைக்கே நானும் சொல்லியிருக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி வேறு புது டிஸ்க் மாட்டினேன். லேத் பட்டறையிலிருந்து, கோணலை முள் அசைந்து காட்டுகிற கேஜை வாங்கிவந்து வைத்துச் சுற்றினேன். முள் ஆடியது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டினேன். ஹப்பில் அதே இடம் வரும்போது அதே மாதிரி ஆடியது. டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. அதை எடுத்துவிட்டு ஹப்பைப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் துரு பொருக்குத் தட்டிப் போயிருந்தது, அதன்மேல் பழைய டிஸ்க் உட்கார்ந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. அன்றைக்கு ஆறு வண்டிக்கும் தேய்த்துவிட்டு ஏழாவதுக்குத் தேய்க்காமல் மாட்டியிருக்கிறேன். ஊரான் வண்டியாக இருந்தால் மறுபடி வந்து சண்டை போடுவான் என்ற பயத்திலாவது செய்திருப்பேன். உன் வண்டிக்கு அந்தப் பயம்கூட எனக்கு இல்லை.

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு இரண்டு சக்கரத்து ஹப்பையும் தேய்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முள் நின்றது. திரும்பவும் ரோட்டுக்குப் போனோம், லட்சுமி எழுபதில் போய் மிதித்தாள், ஸ்டீரிங் அசையவில்லை. "இன்னாண்ணே இருந்துச்சு?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டிஸ்க்கு கம்பெனி கோளாறு" என்றேன். "பாவம், அவரு மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பேர் கெடக் கூடாது என்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

எட்டு நாள் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். துருவைச் சொன்னேன், சூப்பர்வைசரிடம் சொன்னதையும் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கடைசி வாரத்துல ஒரு நாளு சொன்னாரு. உங்க அண்ணன் கையில ஒரு தபா வண்டிய காட்டலாம், அவன் மனசு வெச்சா கண்டுபுடிச்சுருவான், நீ வந்து கேளுன்னு. எங்கண்ணன் வேலையில கொற சொல்றவருக்கு நான் ஏன் போயி கேக்கணும்னு குந்திகினேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? அந்த சூப்பர்வைசர்கிட்ட சொன்ன இல்ல. டீக்கடையில சொன்ன இல்ல. அவங்களுக்குச் சொல்லு. நெனவு நாளுக்கு எல்லாரும் வருவாங்க. எழுதிகினு வந்து படி. உன்ன அண்ணன்னு கூப்புடலாமா வாணாமான்னு அதுக்கு அப்பால சொல்றேன்."

அதனால்தான் எழுதுகிறேன் கஜா. மனசு வெச்சா கண்டுபிடிச்சுருவான் என்று நீ சொன்னாயாமே. பேச்சுவார்த்தை இல்லாத மச்சானைப் பற்றி ஏன்டா அப்படிச் சொன்னாய்? நாலு வார்த்தை கேவலமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை உன் படத்துக்கு மாலை போட்டதும் நான் எழுந்து நின்று இதைப் படிப்பேன். வேறு யாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன். சூப்பர்வைசரை நானே போய் அழைத்திருக்கிறேன். அவர் வராவிட்டால் சனிக்கிழமை கம்பெனி வாசலில் நின்று படிப்பேன். டீக்கடையிலும் படிப்பேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். லட்சுமி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். அவளுக்கு நான் அண்ணன் இல்லை என்று ஆகிவிட்டால் உனக்கு நான் யார் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வரைக்குமாவது
உன் மச்சான்,
தேசப்பன்