மண் படாத சக்கரங்கள்

அக்கா,

பேனாவைப் பிடித்தால் விரல் ஒட்டுகிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் புளி வாசம் போன பாடில்லை. இன்று காலையில் மிளகுக் களத்தில் உங்கள் பாயில் உட்கார்ந்து ஒரு முறம் புளிக்குக் கொட்டை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உட்கார வைத்தவர் உங்கள் நாத்தனார். ஏன் என்று நீங்கள் கேட்பதற்குள் பெரிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் சேலத்துக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஆமாம், நம் சக்கரங்களோடுதான். சக்கரம் களத்தை விட்டு இறங்கிவிட்டது. திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நான் வளப்பூருக்குத் திரும்பிய வருடம் நினைவிருக்கிறதா? தோளில் ஒரு மூட்டையோடு வந்து உங்கள் முன்னால் நின்றேன். நான் வேலை பார்த்த லடாக்கில் குளம் உறைந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் காலணியில் கத்தி கட்டிக்கொண்டு, வளைந்த மட்டையால் ஒரு கறுப்பு வட்டைத் துரத்தித் துரத்தி அடிப்பார்கள். ஐஸ் ஹாக்கி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னையும் ஒருநாள் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். விழுந்தேன், எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் நான் விழுந்ததே இல்லை. நம் மலையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? அதனால் கத்திக்குப் பதில் சக்கரம் வைத்த காலணிகளைப் பட்டாள நண்பர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். பழையதுதான், ஆனால் உருளும்.

உருள்வதற்கு இடம்தான் இல்லை. ரோடு முழுக்கச் சரிவு, பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கல். நம் வளப்பூர் நாடு முழுக்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியில் உங்கள் மகளிர் குழுவின் சிமெண்டுக் களத்தைப் பார்த்தேன். அகலமாக, வழவழவென்று, எனக்காகவே பூசி வைத்தது போல இருந்தது. நீங்கள் வெறுங்காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஏனுங்க தம்பி, செருப்போட ஏறாத எடத்துல சக்கரத்த மாட்டிக்கிட்டு ஏறுவீங்களா? திங்கறது காயற எடமுங்க."

எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்குமே. "உங்களுக்கு மிளகு முக்கியமா, பிள்ளைங்க முக்கியமாங்க?" என்று கத்தினேன். உங்கள் கால் கிளறுவதை நிறுத்தவே இல்லை. "மிளகு வித்துத்தானுங்க புள்ளைங்க படிக்குது" என்றீர்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நீங்களாகவே என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். "எங்க ஊட்டுப் புள்ள சக்கரத்த எங்க பாத்தாளோ, சரியாச் சோறு திங்க மாட்டேங்கறாளுங்க" என்று ஆரம்பித்தீர்கள். பிறகு நிபந்தனைகள் வந்தன. பிள்ளைகள் கால் கழுவிவிட்டு வர வேண்டும். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மாட்ட வேண்டும், அங்கேயே கழற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் களத்தைக் கூட்டிக் கழுவ வேண்டும். சக்கரங்கள் களத்துக் கொட்டகையிலேயே தொங்கும், சாவி உங்களிடம். "களத்த விட்டு ஒரு எட்டு எறங்கப்படாது. மண்ணுல பட்ட சக்கரம் எங்க களத்துல ஏறப்படாது. சொல்லு மாற மாட்டீங்களே?" மாற மாட்டேன் என்று உங்கள் கையில் அடித்துச் சொன்னேன்.

அப்படித்தான் நம் லீக் பிறந்தது. சில்வர் ஓக் பலகையில் மட்டை, லாரி டயரில் வெட்டிய வட்டு, சுற்றிலும் தடுப்புக்கு உமி மூட்டை. மிளகு காய்ந்து மூட்டைக்குப் போனதும் பங்குனிக் கடைசியில் தொடங்குவோம், ஆடிப் பதினெட்டுக்குள் முடிப்போம். குண்டூர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள், திண்ணனூர்ப் பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்தார்கள். குழுப் பெண்கள் பாதிப் பேர் உங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பலமான குரல் உங்கள் நாத்தனாருடையது. "எங்க அண்ணிக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு" என்று சந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். நீங்கள் அசையவில்லை. ஒரு மூட்டை மிளகாவது ஆட்டத்தால் கெட்டால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவதாகக் குழுவுக்கும் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். ஒரு மூட்டையும் கெடவில்லை.

அந்த ஆட்டத்தில் தப்பு செய்கிறவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பது வழக்கம் என்று உங்களிடம் சொன்னது நான்தான். "சும்மாவா உக்காருவாங்க? சும்மா உக்கார்றது ஒரு தண்டனையா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கே ஒரு பாயும் முறமும் கொண்டுவந்து போட்டீர்கள். இடித்துத் தள்ளியவன், மட்டையால் காலைத் தடுக்கியவள் எல்லோரும் அந்தப் பாயில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்த பிறகுதான் உள்ளே போக முடியும். பிசுபிசுத்த கையோடு போனால் மட்டை நழுவாது என்று பிள்ளைகள் கண்டுபிடித்தது தனிக் கதை. சில பயல்கள் அதற்காகவே தப்பு செய்தார்கள்.

என்னையும் விட்டீர்களா? குண்டூருக்கு எதிராக வளப்பூர் ஆடியபோது, விசில் ஊதிய வாத்தியாரைப் பார்த்து நான் பட்டாளத்துப் பாஷையில் கத்திவிட்டேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. பாயைக் காட்டி, "தம்பி, உக்காருங்க" என்றீர்கள். லீக்கை நடத்துகிறவனே நான்தான் என்றேன். "அதுக்குத்தானுங்க பெரிய முறம் வெச்சிருக்குது" என்றீர்கள். மூன்று ஊர்ப் பிள்ளைகளும் கைதட்ட, மீசை வைத்த ஒரு ஹவில்தார் சம்மணம் போட்டுக் கொட்டை எடுத்தான். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யாரிடம் சொன்னாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். இப்படி எழுதவே கை வரவில்லை. உங்களைத் தூக்கிய அன்று பிள்ளைகள் யாரும் சொல்லாமலே களத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். அதைப் பார்த்ததும்தான் உடைந்து அழுதேன். சாவி உங்கள் நாத்தனார் கைக்குப் போனது. லீக் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு ஸ்கேட்டிங் தளத்தில் போட்டி. மலையில் சக்கரம் கட்டி ஆடும் பிள்ளைகளைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். செய்தி தெரிந்ததும் உங்கள் மகள் குதித்தாள். அந்த வேகத்தில் சாவி கேட்கப் போனேன்.

"தர மாட்டனுங்க" என்றார் உங்கள் நாத்தனார். "களத்த விட்டு எறங்கப்படாதுன்னு எங்க அண்ணி சொன்ன சொல்லு. நீங்களும் கையடிச்சுக் குடுத்ததுதானுங்களே?"

"உசிரோட இருந்தப்போ கிறுக்குன்னீங்க, இப்போ மட்டும் சொல்லைக் காப்பாத்தறீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினேன். ஒரு பக்கம் நான் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் மலையை விட்டு இறங்கி ஒருதரமாவது ஆடிக் காட்ட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகள். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் போனேன், இந்தத் தடவை மெதுவாகப் பேசினேன்.

"அக்கா அப்படி ஏன் சொன்னாங்க?"

"களத்துல மண்ணு ஏறப்படாதுன்னுதான்."

"மண்ணு படாம கொண்டுபோய் மண்ணு படாம கொண்டாந்தா?"

இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். "பஸ்ஸுல எங்க வெப்பீங்க?"

"பிள்ளைங்க மடியில."

"அங்க போயி?"

"தளத்து ஓரத்துல உக்காந்து மாட்டி, அங்கியே கழட்டுவோம்."

"அப்ப நானும் வாரேன். கண்ணுல பாக்காம நம்பமாட்டேன்."

இப்படித்தான் அக்கா, கழுவிய மிளகுச் சாக்குகளில் சுற்றிய சக்கரங்களை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது வளைவும் இறங்கினோம். ஒரு திண்ணனூர்ப் பையன் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான். ஆனால் சக்கரத்தை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், கீழே வைக்கவில்லை. உங்கள் நாத்தனார் ஒரு பை நிறையப் புளி எடுத்து வந்திருந்தார். வழியில் கை சும்மா இருக்கக்கூடாதாம்.

அந்தத் தளத்தைப் பார்த்ததும் குனிந்து உள்ளங்கையால் தடவினார். "இங்க என்னங்க காயப் போடுவாங்க?" என்று கேட்டார். ஒன்றும் போடமாட்டார்கள், விளையாட்டுக்கு மட்டும்தான் என்றேன். "அடேயப்பா! இத்தன எடம் சும்மாவா கெடக்குது!" என்று வாயில் கை வைத்தார்.

நம் பிள்ளைகள் செருப்பை வரிசையாக வெளியே விட்டார்கள். பாட்டில் தண்ணீரில் கால் கழுவினார்கள். துடைப்பம் கேட்டு வாங்கி அவ்வளவு பெரிய தளத்தையும் கூட்டினார்கள். நகரத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. உங்கள் மகள் என்னைப் பார்த்துத் தலையாட்டி, "உடுங்க மாமா, ஆட்டத்துல பாத்துக்கலாம்" என்றாள். முகம் உங்கள் முகமேதான்.

முதல் ஆட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். நம் சிமெண்டுக்குப் பழகிய கால்கள் அதைவிட வழவழப்பான அந்தத் தரையில் நிற்காமல் ஓடின. இரண்டாவதில் கால் நின்றது, ஜெயித்தோம். மூன்றாவது, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். இரண்டு பக்கமும் சமம், நேரம் முடியப்போகிறது, உங்கள் மகள் ஒரு பையனைத் தடுக்கி விழவைத்துவிட்டாள். நடுவர் பெஞ்சுக்கு அனுப்பினார். போய் உட்கார்ந்தவள் இரண்டு பக்கமும் தேடினாள், பிறகு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. என்னைவிட முன்னால் உங்கள் நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. விறுவிறுவென்று படியிறங்கிப் போய், பையிலிருந்து ஒரு பிடி புளியை அள்ளி அவள் மடியில் போட்டார். "எடு கண்ணு. உங்கம்மா பாத்துக்கிட்டுத்தான் இருப்பா."

நடுவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அரங்கமே பார்த்தது. அவள் தலை நிமிராமல் கொட்டை எடுத்தாள். தண்டனை நேரம் முடிந்து உள்ளே போனவள் அந்தப் பிசுபிசுத்த கையால் வட்டை வாங்கி, இரண்டு பேரைக் கடந்து, வாந்தி எடுத்தானே அந்தத் திண்ணனூர்ப் பையன், அவனிடம் தள்ளினாள். அவன் அடித்தான். உள்ளே போனது. நான் கத்திய கத்தலுக்கு உங்கள் காலத்தில் இரண்டு முறம் கிடைத்திருக்கும். மூன்றாம் இடம், அக்கா! நெஞ்சு விம்மியது என்று எழுதுவார்களே, நிஜமாகவே விம்மியது.

இன்று காலையில் களத்தில் கூடினோம். உங்கள் நாத்தனார் ஒவ்வொரு சக்கரமாக வாங்கி, விரல் நுனியால் தடவிப் பார்த்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். உங்கள் மகளுடைய சக்கரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் சிரித்தார்.

"மண்ணில்லீங்க. நம்ம மிளகு. சேலம் வரைக்கும் போயிட்டு வந்திருக்குது."

எல்லாவற்றையும் கொட்டகையில் மாட்டிப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாவி கேக்க வந்தன்னிக்கு எங்கிட்டக் கத்துனீங்களே தம்பி. அண்ணி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பெரிய முறம்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதி முறம் தாண்டியபோது அவரும் எதிரில் வந்து உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம யாருக்கும் யாருக்குமுங்க ஆட்டம்?" என்று கேட்டார்.

"குண்டூருக்கும் திண்ணனூருக்கும்" என்றேன்.

"அப்பப் பாய மடிக்க வேண்டாம், கெடக்கட்டும்" என்றார்.

அந்த ஒற்றை மிளகை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு மிளகைக்கூட வீணாக்க விடாதவர் நீங்கள், இருந்தாலும் இதை மட்டும் மூட்டையில் சேர்க்கமாட்டேன், அக்கா.