ஜூன் எட்டாம் தேதிப் பந்தி

கள்ளக்குறிச்சி,
அக்டோபர் 11, சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் சுபலட்சுமி வணங்கி எழுதுவது. இன்று நடப்பதை எல்லாம் உள்ளது உள்ளபடியே இதில் எழுதப் போகிறேன். நீங்கள் போன கடிதத்தில் கேட்டது அதைத்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வந்துவிடுவாய், வந்துவிடுவாய் என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள், நீயாவது உண்மையை எழுது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை ஜெயிலில் உங்களுக்காக எழுதித் தந்த அண்ணன்தான் இதையும் படித்துக் காட்டுவார் என்று நினைக்கிறேன். அவருக்கும் என் வணக்கம். அண்ணா, நடுவில் எதையும் விடாமல் படியுங்கள்.

இப்போது மணி பத்து ஐம்பது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுதியில் மாலை ஆறு வரை அனுமதி வாங்கியிருக்கிறேன். நம் காதுகுத்துக்குப் படம் எடுத்த சின்னராசு அண்ணன் வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். தன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் பெட்டியைப் போர்வையில் சுற்றி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வளைவுகளில் அவருக்கு வாந்தி வந்ததாம். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அது ஏன் வேண்டும் என்று அம்மா உங்களிடம் சரியாகச் சொன்னாளோ தெரியவில்லை, நானே சொல்கிறேன். குற்றப்பத்திரிகை நகல் போன மாதக் கடைசியில்தான் வக்கீல் கைக்கு வந்தது. ஜூன் எட்டாம் தேதி பகலில் நீங்கள் அவர்கள் சொல்லும் காட்டில் செம்மரம் வெட்டியதாக அதில் இருக்கிறது. ஜூன் எட்டு, தம்பி தமிழழகனுக்குக் காது குத்திய ஞாயிற்றுக்கிழமை. ஊரே உங்களைப் பார்த்தது. ஆனால் ஊரார் சொல்வதைச் சொந்தக்காரர் பேச்சு என்று தள்ளிவிடுவார்களாம். பந்தியிலோ பந்தலிலோ நீங்கள் நிற்கிற படம் ஒன்று, எடுத்த தேதியோடு வேண்டும் என்று வக்கீல் கேட்டார். புதன்கிழமை ஜாமீன் மனு மூன்றாவது தடவையாக வருகிறது.

ஊரில் எல்லார் போனையும் வாங்கிப் பார்த்துவிட்டேன், அப்பா. எல்லாப் படத்திலும் தம்பி மாமா மடியில் அழுதுகொண்டிருக்கிறான். தாய்மாமன் மடியில்தானே காது குத்துவார்கள், அதனால் எல்லாரும் மாமாவையே எடுத்திருக்கிறார்கள். நீங்கள் அடுப்புக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தீர்கள். ஒரு படத்தில் உங்கள் முழங்கை இருக்கிறது. அது உங்களுடையது என்று எனக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது.

சின்னராசு அண்ணன் எடுத்த வீடியோவில் மட்டும் நீங்கள் எங்காவது நிச்சயம் இருப்பீர்கள். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கச் சொல்லி அவர் ஜூன் மாதமே வீட்டுக்கு வந்தார். உங்களைச் சொல்லி, அவர் வெளியே வரட்டும், சேர்ந்து பொறுக்கலாம் என்று அம்மா திருப்பி அனுப்பினாள். நானும் அதையேதான் சொன்னேன். கேமரா கார்டை அவர் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரில் மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை காப்பி போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, இடியும் மழையும். கரண்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்ததாம். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை.

கடைக்காரர் பெயர் தீனதயாளன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்கிறார். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. தொடங்குவதற்கான டிரைவ் எதுவும் இல்லை என்று அர்த்தமாம். உள்ளே என்னென்ன இணைந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனார். டிரைவ் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வயரை மாற்றினார். வேறு துளையில் செருகினார். நாணயம் போன்ற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினார். டிரைவை வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்தார், பிறகு ஒரு உறையில் போட்டு யூ.எஸ்.பி.யில் சொருகினார். உறையில் நீல விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் தன்னிடம் யாரும் வரவில்லை என்பதுபோல் இருந்தது.

படம் எல்லாம் சேர்ந்திருக்கிற அந்த டிரைவுக்கு எஸ்.எஸ்.டி. என்று பெயர். உள்ளங்கை அளவுதான். உள்ளே சுற்றுகிற பொருள் ஒன்றும் இல்லை. பழைய வகை கெட்டுப்போனால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்குமாம். இது ஊமை என்றார் தீனதயாளன் அண்ணன். சின்னராசு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறவன் நீ, இப்போது நீ கொஞ்சம் சிரியேன் என்று கேலி செய்தார். அவர் சிரிக்கவில்லை.

மணி பதினொன்றரை. இனி ஒரே ஒரு வழி இருக்கிறதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேசற ஒயர புடுங்கிட்டு சோறு போடற ஒயர மட்டும் வுடறேன். அரை மணி நேரம் யாரும் அதுங்கிட்ட பேசக் கூடாது. அப்பறம் கொஞ்ச நேரம் பட்டினி. மறுபடியும் அரை மணி நேரம். வந்தா வரும்.” கரண்ட் திடீரென்று போகும்போது எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அதற்குள் கலைந்துபோய்விடுமாம். தொந்தரவு செய்யாமல் விட்டால் சில சமயம் தானே அடுக்கிக்கொள்ளுமாம். எங்கள் பள்ளி நூலகத்தில் பதிவேடு தொலைந்த வாரம் எனக்கு நினைவு வந்தது. புத்தகங்கள் எல்லாம் அலமாரியில்தான் இருந்தன. யாருக்கும் ஒன்றையும் எடுத்துத் தர முடியவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் ஊர்ச் செய்தி எழுதுகிறேன். தம்பியின் இடது காது சீழ் வைத்திருந்தது, ஆறிவிட்டது. மரவள்ளிக்கு அம்மா ஒருத்தியே களை எடுத்தாள். மாமா ஒரு நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. சாமை இந்த வருஷம் கம்மி. காலாண்டுத் தேர்வில் நான் வகுப்பில் இரண்டாவது. கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது, அந்த வாரம்தான் குற்றப்பத்திரிகை வந்தது. வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்றுக்கு உங்களைப் போல நெற்றியில் சுழி இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். நான் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

மணி பன்னிரண்டரை. முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை வைத்திருக்கிறார். சின்னராசு அண்ணன் வெளியே போய் நிற்கிறார்.

அப்பா, வந்துவிட்டது! பேசற ஒயரைச் செருகியதும் பெயர் தெரிந்தது. இப்போது மணி ஒன்று ஐந்து. ‘காதுகுத்து வெள்ளிமலை’ என்ற பெயரையே பார்த்துவிட்டேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

இப்போது விடுதியில் இருக்கிறேன். மணி எட்டே முக்கால். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். உள்ளபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டதால் அப்படியே விடுகிறேன்.

வீடியோ கிடைக்கவில்லை, அப்பா.

எப்படி என்று எழுதுகிறேன். ‘காதுகுத்து வெள்ளிமலை’ என்ற ஃபோல்டரைத் திறந்ததும் அதற்குள் அறுபத்தொரு வீடியோத் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜூன் எட்டு, மணி எல்லாம் இருந்தது. தீனதயாளன் அண்ணன் மொத்தத்தையும் பிடித்துத் தன் கம்ப்யூட்டருக்கு இழுக்கப் போனார். “இன்னும் எவ்ளோ நேரம் உசுரோட இருக்கும்னு தெரியாது, மொதல்ல எல்லாத்தையும் இழுத்துக்கினு அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். நான் வேண்டாம் என்றேன். மொத்தமும் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று திரையில் காட்டியது. அதற்குள் போய்விட்டால் என்ன செய்வது, அப்பா இருக்கிற துண்டை முதலில் தேடி அதை மட்டும் எடுக்கலாம் என்றேன். அவர் யோசித்தார். நான் மறுபடியும் மறுபடியும் கேட்டேன். சரி, ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்று விட்டார்.

தேடுவதற்காக என்றுதான் அவரிடம் சொன்னேன். நானும் அப்போது அதைத்தான் நம்பினேன். விடுதிக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தால் அது காரணம் இல்லை. நாலு மாதமாக உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு எடுத்ததைத் திறக்கச் சொன்னேன், அது பந்தி நேரம். நீங்கள் அதில் இருந்தீர்கள். சாம்பார் வாளியோடு இலை வரிசையில் வந்துகொண்டிருந்தீர்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு. கேமராவைப் பார்த்ததும் நின்றீர்கள். கரண்டியோடு கையைத் தூக்கி மறைத்துக்கொண்டு, “என்னய இன்னாத்துக்கு எடுக்கற, பந்திய எடு சின்னராசு” என்று சொன்னீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். கேமரா உங்களை விட்டு இலைப் பக்கம் திரும்பத் தொடங்கியது. அங்கே படம் நின்றுவிட்டது. மொத்தம் ஒன்பது விநாடி.

நின்ற படத்தில் உங்கள் கை மட்டும் இருந்தது. பிறகு அதுவும் போய், பட்டியலும் போய், டிரைவ் பெயரும் போய்விட்டது. தீனதயாளன் அண்ணன் வயரை அழுத்திப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, மறுபடி ஏற்றினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலை ஐந்து மணி வரை, சாப்பாடு போட்டும் பட்டினி போட்டும் இன்னும் மூன்று தடவை பார்த்தார். வரவில்லை. ஒரே ஒரு துண்டை இழுத்திருந்தால்கூட ஒரு நிமிஷ வேலைதான் என்று சின்னராசு அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னைச் சொல்லவில்லை, ஜூன் மாதம் பென் டிரைவில் போட்டுக் கொடுக்காத தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் எனக்கும் அது பொருந்தும். சென்னையில் உள்ளிருக்கும் சிப்பைப் பிரித்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். மாதக்கணக்கில் ஆகும், இந்த நிலைமையில் அவர்களும் கை விரிக்கலாம், நம்மால் முடிகிற செலவும் இல்லை என்று தீனதயாளன் அண்ணன் ஒளிக்காமல் சொன்னார். டிரைவை ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். தாளின் மேல், தான் கண்ணால் பார்த்த தேதியையும் மணியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை.

வக்கீலுக்குப் போன் போட்டேன். பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்வதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதம்மா, அதிலும் நீ மகள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேறு ஏதாவது கிடைக்கிறதா பார் என்றார். வேறு ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பிறகு அம்மாவிடம் பேசினேன். சிக்னல் கிடைக்கிற வளைவில் மத்தியானத்திலிருந்து தம்பியோடு நின்றிருக்கிறாள். திறக்கவில்லை அம்மா என்றேன். காற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம், “துன்னியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன், அது பொய். கடைசியாக, “அப்பாவுக்கு இத எழுதாத. வந்துடும்னு எழுது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு நிமிஷம் திறந்தது என்பதையும் அதை நான் பார்த்துத் தீர்த்துவிட்டேன் என்பதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சின்னராசு அண்ணனும் சொல்ல மாட்டேன் என்றார். உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது புதன்கிழமை முடிந்திருக்கும். என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

அந்த ஒன்பது விநாடியில் பார்த்ததை எல்லாம் மேலே எழுதிவிட்டேன், ஒன்று மட்டும் விட்டுப்போனது. உங்களுக்குப் பின்னால் மூன்றாவது இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டு, தலையே நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என் இலைக்கு இரண்டு கரண்டி ஊற்றியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் உங்களைப் பார்க்கவே இல்லை, அப்பா.

நீங்கள் உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நீங்களும் அப்படியே பதில் போடுங்கள். என்மேல் கோபம் என்றால் கோபம் என்றே அந்த அண்ணனிடம் எழுதச் சொல்லுங்கள். பரவாயில்லை என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் வருகிறது, போர்வையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கால் தொட்டு வணங்கும்
மகள்
சுபலட்சுமி

பி.கு. உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வார்டன் அக்கா விளக்கை அணைத்துவிட்டார். இதை வராந்தா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.